சிவப்பு டென்னிஸ் பந்து (ஸ்டேஜ் 3, பிள்ளைகளுக்கான பந்துகளில் மிக மெதுவானது): 5-க்கு 4

5 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு டென்னிஸ் பழக்க நினைத்தால், மட்டைக்கு முன்பே வாங்க வேண்டியது இந்தப் பந்து. பெரும்பாலும் பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இருக்கும். எடை 36 முதல் 49 கிராம். வழக்கமான மஞ்சள் பந்து 56 முதல் 59.4 கிராம். வேகம் ஏறக்குறைய 75 சதவீதம் குறைவு. 254 செ.மீ. உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விட்டால் 90 முதல் 105 செ.மீ. எழும்ப வேண்டும். சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு வீட்டிலேயே சோதிக்கலாம். 120-ஐத் தாண்டினால், நிறம் மட்டும்தான் சிவப்பு.

மஞ்சள் பந்து சின்னப் பிள்ளையின் தோளுக்கு மேலே எழும். எட்டிப் பிடிக்க, பிள்ளை மட்டையின் பிடியைத் திருப்பும், பின்னால் சாயும், மணிக்கட்டால் தட்டும். அப்படிப் பழகிய பிடியை மாற்றுவது பயிற்சியாளருக்குப் பெரும்பாடு. சிவப்பு இடுப்பளவில் வந்து நிற்கும், அடிக்க நேரம் கிடைக்கும்.

'அடுத்த வீட்டுப் பையன் மஞ்சளில் ஆடுறானே' என்று ஆறே வாரத்தில் அவசரப்படுவது பெற்றோர்தான், பிள்ளையல்ல. 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி 10 வயதுக்குட்பட்டோர் போட்டியில் மஞ்சள் பந்தே கிடையாது. சிவப்பில் சக பிள்ளையோடு பத்துப் பந்தாவது விடாமல் ஆடினால் அடுத்த நிலையான ஆரஞ்சுப் பந்தைப் பற்றி யோசிக்கலாம்.

தனி கோர்ட் தேடி அலைய வேண்டாம். 36 அடி நீளம், 18 அடி அகலம் போதும்; அபார்ட்மெண்ட் பேட்மிண்டன் கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். வலையை 80 செ.மீ.க்கு இறக்கிக் கட்டுங்கள். மட்டை 19 முதல் 23 அங்குலம். கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பள்ளிச் சீருடை மாதிரி 'வளர்ற பிள்ளைதானே' என்று 25 அங்குலம் வாங்கினால், பிள்ளை இரண்டு கையாலும் தூக்கிச் சுமக்கும்.

ஒரு மதிப்பெண் குறைத்தது ஏன்? காற்றடித்தால் பந்து இழுத்துக்கொண்டு போகிறது. நனைந்தால் கனக்கிறது. சொரசொரப்பான சிமெண்டில் மேல்பஞ்சு சீக்கிரம் உதிர்ந்து, வழுக்கையான பந்து வேகமாகப் பறக்கிறது. அதைப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று பந்து டப்பா ஒன்று போதாது. பொறுக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். பன்னிரண்டாக வாங்குங்கள். வலையருகே நின்று கீழ்க்கையால் நிதானமாகப் போடுங்கள், 15 நிமிடம். பிடியைத் திருத்துவது பயிற்சியாளர் வேலை. பந்து பொறுக்குவது உங்களுடையது.