மணல் வார்ப்பா, டை காஸ்டிங்கா?

உருகிய உலோகத்தை மணல் அச்சில் ஊற்றும் மணல் வார்ப்பையும், அதை டை எனப்படும் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் பிரஷர் டை காஸ்டிங்கையும் ஒப்பிடச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் மேற்பரப்பின் வழவழப்பையும் உற்பத்தி வேகத்தையும் முதலில் எழுதுகிறார்கள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது, ஊற்றப்போகும் உலோகம் எது என்பதுதான்.

கோயம்புத்தூர் பவுண்டரிகளில் பம்ப் உறைகளுக்கான வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,350 டிகிரி செல்சியஸ் சூட்டில் அச்சுக்குள் இறங்குகிறது. 1,700 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் சிலிக்கா மணலுக்கு அது பொருட்டில்லை. எஃகு டையோ விரைவிலேயே வெடிப்பு கண்டுவிடும். மேலும், பம்ப் உறையின் உள்ளே நத்தை ஓடுபோல் வளைந்து செல்லும் நீர்வழியை மணல் கோர் (உள்ளே வெற்றிடம் விடுவதற்காக அச்சுக்குள் வைக்கும் உட்கரு) வைத்து உருவாக்கி, வார்த்தபின் அதை உடைத்து உதிர்த்துவிடலாம். டையில் உள்ள எஃகுக் கோரை நேர்க்கோட்டில் உருவித்தான் எடுக்க வேண்டும். வளைந்த வழிக்குள் அது மாட்டிக்கொள்ளும்.

660 டிகிரியில் உருகும் அலுமினியத்தில்தான் உண்மையான போட்டி. இங்கே எண்ணிக்கை தீர்ப்புச் சொல்லும்: ஒரு டைக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 500 உறுப்புகளுக்கு ஒவ்வொன்றின் தலையிலும் 2,000 ரூபாய் ஏறும், ஒரு லட்சம் உறுப்புகளுக்கு வெறும் 10 ரூபாய். இருசக்கர வாகன எஞ்சின் மூடிகள் டையில் பிறப்பதும், ஐம்பது அறுபது மட்டுமே வேண்டிய உறுப்புகள் மரப் பேட்டர்னோடு (மணலில் உருவம் பதிக்கும் மாதிரி) மணலுக்குப் போவதும் இதனால்தான்.

மணலின் குறை, அதன் ஈரத்தைப் பொறுத்தது. மணல் அச்சு செய்யும் அனுபவமுள்ள மோல்டர் ஒரு பிடி மணலை அழுத்திப் பிடித்து இரண்டாக உடைத்துப் பார்ப்பார். முறிந்த விளிம்பு கூராக நின்றால் பதம் சரி, உதிர்ந்தால் ஈரம் போதாது. ஈரம் மிகுந்தால் நீராவி உலோகத்துக்குள் புகுந்து குமிழாகிவிடும்.

டை காஸ்டிங்கின் குறை கண்ணுக்குத் தெரியாதது என்பதால், என் கணிப்பில் அதுவே ஆபத்தானது. உலோகம் நொடியின் சிறு பகுதிக்குள் பாய்ந்து நிரம்பும்போது உள்ளே சிக்கும் காற்று, நுண்துளைகளாக நின்றுவிடுகிறது. வலிமை கூட்டுவதற்காக அத்தகைய வார்ப்பை 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும். வெற்றிட முறை இதைப் பெருமளவு குறைக்கும், செலவோடு. சூடாக்காவிட்டாலும், அடர்த்தியான வெளித்தோலை மில்லிங்கில் ஆழமாகச் சீவினால் துளைகள் வெளிப்பட்டு, பளபளவென்றிருந்த அதே உறுப்பு கசிவுச் சோதனையில் நீர்த்தொட்டிக்குள் குமிழ் விடும்.