நெபுதா திருவிழா பேக்கேஜ் என்று யாராவது வந்தால் உஷார்: எங்கள் 4,50,000 யென் போய்விட்டது

தோக்கியோவில் இருக்கிற நம்மவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். முந்தாநாள்தான் திரும்பி வந்தோம், கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆகஸ்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். ஒரு வாரம் வடக்கே தோஹோக்கு பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திட்டம். ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே திருவிழாக் காலம். அவோமோரியில் 2 முதல் 7 வரை நெபுதா, அகிதாவில் 3 முதல் 6 வரை காந்தோ, செந்தாயில் 6 முதல் 8 வரை தனாபாதா. கம்பியில் உருவம் கட்டி, காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, ஒன்பது மீட்டர் அகலத்துக்கு நெபுதா தெருவில் உருண்டு வரும். முன்னும் பின்னும் தைகோ மேளமும் புல்லாங்குழலும், நடுவே ஹனேதோ என்கிற ஆட்டக்காரர் உடை போட்டவர்கள் "ரஸ்ஸேரா ரஸ்ஸேரா" என்று கத்திக்கொண்டு குதிப்பார்கள். வீடியோவைப் பார்த்ததிலிருந்து அப்பா அந்த மேளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அகிதாவில் பன்னிரண்டு மீட்டர் மூங்கிலில் 46 விளக்குகளைக் கட்டி, ஐம்பது கிலோ எடையை ஒரே ஆள் நெற்றியிலும் இடுப்பிலும் நிறுத்துவதையும் பார்க்கவேண்டும் என்றார்.

அந்த வாரத்தில் ரூம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். அவோமோரி நிரம்பினால் பக்கத்து ஊருக்குப் போகலாம் என்றால், ஹிரோசாகியில் 1 முதல் 7 வரை அவர்களுடைய நெபுதா, ஹாச்சினோஹேயில் 4 வரை சான்ஷா தைசாய், மொரியோகாவில் 1 முதல் 4 வரை சான்சா ஒதோரி. சுற்றுவட்டாரம் முழுக்கத் திருவிழாதான். இந்த நெருக்கடிதான் இந்த மாதிரி ஆட்களுக்கு முதலீடு.

ஒரு வாட்ஸ்அப் குழுவில், தமிழில் பேசி, ஜப்பானுக்குள்ளேயே பயண ஏற்பாடு செய்து தருகிறவர் ஒருவர் அறிமுகமானார். பெயரும் கம்பெனியும் இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நாலு பேருக்கு அவோமோரியில் மூன்று இரவு, அகிதாவில் ஒரு இரவு, செந்தாயில் இரண்டு இரவு, ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட், நெபுதாவுக்கும் காந்தோவுக்கும் நாற்காலி இருக்கை எல்லாம் சேர்த்து 5,20,000 யென். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரோட்டோரம் ஷீட் விரித்துத் தரையில் உட்கார முடியாது, மணிக்கணக்கில் நிற்கவும் முடியாது. அதனால் அந்த நாற்காலி எங்களுக்கு ரொம்ப முக்கியம். அதையும் சொன்னேன். "அக்கா, அம்மாவுக்கு முன்வரிசையே போட்டுத் தரேன். எங்க அம்மாவா இருந்தா நான் எப்படிச் செய்வேனோ அப்படிச் செய்வேன், நீங்க கவலையே படாதீங்க" என்றார். இந்த வார்த்தையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சும்மா நம்பிப் பணம் கட்டவில்லை. ஹோட்டல் கன்ஃபர்மேஷன் எண் அனுப்பினார், நானே மே மாதம் அவோமோரி ஹோட்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், என் பெயரில் இரண்டு ரூம் இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகுதான் முழுப் பணமும் அனுப்பினோம். தோக்கியோவிலிருந்து ஷின் அவோமோரிக்கு ஷின்கான்சென் டிக்கெட்டும் வீட்டுக்கே தபாலில் வந்தது. உண்மையான டிக்கெட். மற்ற டிக்கெட்டும் இருக்கை டிக்கெட்டும் ஹோட்டல் ரிசப்ஷனில் கவரில் இருக்கும் என்றார்.

3-ஆம் தேதி மத்தியானம் ஹோட்டலுக்குப் போய்ப் பெயர் சொன்னால், ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் தலையே நிமிரவில்லை. ஜூலை 12-ஆம் தேதி ஆன்லைனில் ரத்து செய்யப்பட்டிருக்கிறது, ரத்துக் கட்டணம் எதுவும் இல்லை. அதாவது, இலவசமாக ரத்து செய்யலாம் என்கிற வகையில் என் பெயரில் புக் பண்ணி, எனக்குக் காட்டி, என் பணத்தை வாங்கிக்கொண்டு, கெடு முடிவதற்குள் ரத்து செய்துவிட்டார். புக்கிங்கில் இருந்தது அவருடைய ஈமெயில், அதனால் எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. கவரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அகிதாவுக்கும் செந்தாய்க்கும் போன் போட்டோம். இரண்டும் ரத்து.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்த ஏற்பாட்டுக்காரரைக் கூப்பிட்டால், முதலில் "சிஸ்டம் எரர் அக்கா, ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். ஒரு மணி நேரம் ஆனதும் ஒசாகாவில் இருக்கிற பார்ட்னர் கம்பெனிதான் தப்பு பண்ணிவிட்டது என்றார். லாபியில் அப்பா வாய் திறக்கவில்லை, அம்மா பெட்டி மேல் கை வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தெருத்தெருவாக ரூம் தேடிப் போனார், எங்கேயும் இல்லை. கடைசியில் கடலுக்கு அந்தப் பக்கம், ஷின் ஹகோதாதே ஹொகுதோ ஸ்டேஷன் அருகே ரூம் கிடைத்தது. ஷின்கான்சென்னில் ஒரு மணி நேரம். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ரோட்டோரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம், அம்மாவுக்குக் கால் தாங்கவில்லை. நெபுதாவின் மேல்பாதி மட்டும் தலைகளுக்கு மேலே தெரிந்தது. ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான். மறுநாள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துத் தோக்கியோ திரும்பினோம். அகிதா, செந்தாய் எதுவும் இல்லை.

திரும்பி வந்ததும் கேட்டால் "ரீஃபண்ட் 30 வேலைநாள் ஆகும்" என்று மெசேஜ். அடுத்த நாள் வேறொரு நம்பரிலிருந்து யாரோ கூப்பிட்டு, திருவிழாக் கால புக்கிங்குக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம், அது எங்கள் விதி என்றார். புக்கிங்கே இல்லையே, எதற்கு விதி என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். குழுவில் எழுதினேன், பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு என்னையும் நீக்கிவிட்டார்கள். இப்போது மெசேஜ் படித்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. முதல் ரயில் டிக்கெட்டைக் கழித்தால் 4,50,000 யென். ஹகோதாதே ரூமும் திரும்பி வந்த டிக்கெட்டும் தனி. 4,50,000 யென்னை நாங்கள் இரண்டு வருஷமாக மாதாமாதம் எடுத்து வைத்தோம், அப்பா அம்மா வருவார்கள் என்று.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். ஜப்பானில் பேக்கேஜ் விற்கிறவருக்குப் பயணத் தொழில் பதிவு எண் இருக்கவேண்டும், அது சட்டம், எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். புக்கிங்கில் உங்கள் ஈமெயில்தான் இருக்கவேண்டும். ரத்துக் கெடு என்றைக்கு என்று ஹோட்டலிடமே கேளுங்கள், அந்தத் தேதிக்கு அடுத்த நாள் மறுபடி போன் பண்ணுங்கள். ஏமாந்தது தெரிந்தால் முதலில் பணம் அனுப்பிய பேங்குக்குச் சொல்லுங்கள், அந்தக் கணக்கை முடக்க வழி இருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 188, போலீஸ் ஆலோசனைக்கு #9110.

188-இல் நாளைக்குத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள். நெபுதா பேக்கேஜுக்கு இந்த வருஷம் இதே மாதிரி யாரிடமாவது பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் உடனே எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள், பணம் அனுப்பிய ரசீதை எடுத்து வையுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்.