தராசுல லோ, ஹை லிமிட் செட் பண்ணி பேக்கிங் – ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சத்தூள், மிளகாத்தூள் பாக்கெட் போடுற சின்ன யூனிட் எங்களது. டேபிள் மேல வைக்கிற 6 கிலோ தராசு, டிவிஷன் (ஸ்கிரீன்ல எடை ஏறி இறங்குற மிகச் சின்ன அளவு) 1 கிராம். நாம வச்ச லிமிட்டுக்கு எடை குறைஞ்சா லோ, சரியா இருந்தா ஓகே, கூடினா ஹைன்னு மூணு லைட், ஒரு பஸ்ஸர். இந்த வசதி இருந்தும் நிறைய பேரு தொடறதே இல்ல, வெறும் நம்பரைப் பாத்துதான் போடறாங்க, அது எனக்கு ரொம்ப ஆதங்கம்.

செட் பண்றது பெரிய வித்தை இல்ல. லிமிட் கீயை அமுக்கினா முதல்ல லோ கேக்கும், நம்பர் அடிச்சு ஓகே குடுத்தா அடுத்து ஹை. ரெண்டையும் சைபர் ஆக்கினா கம்பேர், அதாவது எடையை லிமிட்டோட ஒப்பிடற வேலை, ஆஃப். இது காலிபரேஷன் (தராசோட அளவையே திருத்தறது) இல்ல, அதனால அரசாங்க முத்திரை சீலைத் தொடவே வேண்டாம்.

என்ன நம்பர் வைக்கிறதுங்கறதுதான் விஷயமே. 500 கிராம் பாக்கெட்டுக்கு 15 கிராம் வரைக்கும் குறையலாம்னு 2011 பேக்கேஜ் ரூல்ஸ்ல இருக்குதேன்னு லோ லிமிட்டை 485ல வைக்கிற ஆளுங்க இருக்காங்க, அது தப்புங்க, அந்த 15 கிராம் ஏதோ ஒரு பாக்கெட் தவறிப்போனா குடுக்கற விலக்கு, மொத்தமா எடுத்துப் பாக்கறப்போ சராசரி 500க்குக் குறையவே கூடாது, காசு குடுத்து வாங்கறவங்களுக்கும் அதுதான நியாயம். நாங்க லோ 501, ஹை 504 வச்சிருக்கோம். 500ன்னே வைக்காததுக்குக் காரணம், 1 கிராம் டிவிஷன்ல ஸ்கிரீன் 500 காட்டுறப்போ உள்ள 499.5 கூட இருக்கலாம். மேல் பக்கம் 504ஐத் தாண்டவும் விடறதில்ல, பாக்கெட்டுக்கு சராசரியா 3 கிராம் கூடப் போனா ஆயிரம் பாக்கெட்டுக்கு 3 கிலோ தூள் சும்மா போயிடுது, மஞ்சள் விக்கிற விலைக்கு அது சின்ன விஷயமா?

அதுக்காக இடைவெளியை ரொம்ப இறுக்கவும் கூடாது. 501, 502ன்னு வச்சீங்கன்னா மேல ஃபேன் சுத்துற காத்துக்கே லைட் மாறி மாறி எரியும், பாக்கெட் போடற அக்காங்களுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பஸ்ஸர்ல ரெண்டு மோட் இருக்கு. கையால தூள் அள்ளிப் போடற டேபிள்ல ஓகே வந்தா கத்துற மாதிரி வைங்க, கண்ணு தூள்ல இருந்தாலும் சத்தம் கேட்டதும் கை நின்னுடும். ஒட்டி முடிச்ச பாக்கெட்டைச் செக் பண்ற இடத்துல நேர் எதிர், லோவுக்குக் கீழயோ ஹைக்கு மேலயோ போனா மட்டும் கத்தணும். நாள் பூரா எல்லாப் பாக்கெட்டுக்கும் கத்திட்டிருந்தா தப்பான பாக்கெட் வர்றப்போ யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. மேனுவல்ல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, ஆனா எனக்கு இந்தத் தராசுல ரொம்பப் புடிச்சதே இந்த ரெண்டு மோட்தான்.

ஒரு குறை சொல்லணும்னா, 20 டிவிஷனுக்குக் கீழ கம்பேர் வேலை செய்யாது, அதாவது இந்தத் தராசுல 20 கிராமுக்குக் கம்மின்னா லைட்டே எரியாது. 10 கிராம் சாஷே போடறவங்க 0.1 கிராம் தராசா பாத்து வாங்குங்க.

லிமிட் பாக்கறது டேர் போட்டதுக்கு (காலிக் கவர் எடையைக் கழிச்சு சைபர் ஆக்கினதுக்கு) அப்புறம் வர்ற எடையைத்தான். கவர் 6 கிராம்னா அதைக் கழிக்காம 500 போட்டா உள்ள தூள் 494தான். கரண்ட் போனா எங்க மாடல்ல லிமிட் நம்பர் அப்படியே இருக்கும், டேர் மட்டும் போயிடும், அதனால ஆன் பண்ணதும் காலிக் கவரை வச்சு டேர் போட்டுட்டு அப்புறமா தூள் டப்பாவைத் திறங்க.