3,400 வெள்ளி ரோட் பைக்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

2022 ஜூலையில் வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோவின் சோரா வரிசையில் 9 கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர். மூன்று வருடத்தில் 11,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த விலையில் வரும் ரோட் பைக்கெல்லாம் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரிதான், ஸ்டிக்கர் மட்டும் வேறு.

விலை 3,400 வெள்ளி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். செயின், பிரேக் பேட் போன்ற தேய்மானச் சாமான்களை விட்டுவிட்டாலும் இன்னொரு 1,030 வெள்ளி போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி, கடையில் நின்றபோதே கவனித்திருந்தால் தேவைப்படாத செலவு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பட்டர்வொர்த்காரன். பினாங்கின் இரண்டு பாலங்களிலும் சைக்கிள் போகக்கூடாது, அதனால் ஞாயிறு விடியற்காலையில் ஃபெரிதான். ஜெட்டியில் இறங்கி பத்து ஃபெரிங்கி, தெலுக் பாஹாங், அணைக்கட்டைத் தாண்டி மேடு, பாலிக் புலாவில் பசியாறல், பிறகு தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்ப ஜெட்டி. சுமார் 70 கிலோமீட்டர். முக்கால்வாசி சமதரை. மீதிக் கால்வாசிதான் சைக்கிளையும் ஆளையும் சோதிக்கும்.

முதல் தப்பு ஃபிரேம் அளவில். என் உயரம் 168 சென்டிமீட்டர். கடையில் 54 அளவு மட்டும் இருந்தது. 3,700 வெள்ளியில் 300 கழித்துத் தருவதாகச் சொன்ன தவுக்கே, ஹேண்டலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டை மாற்றினால் போதும், “போலே தம்பி, போலே” என்றார். 300 வெள்ளி கழிவு என்றதும் எனக்கும் போலேதான். இரண்டாவது மாதமே பாலிக் புலாவ் வருவதற்குள் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது, கழுத்து கல்லாய் இறுகியது. 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டேன், 90 வெள்ளி. வலி பாதி குறைந்தது. ஆனால் ஸ்டெம் குட்டையானதும் ஹேண்டல் சட்டென்று திரும்ப ஆரம்பித்தது, இறக்கத்தில் கொஞ்சம் பயமாகவே இருக்கும். இன்றைக்கும் நான் எனக்கு ஒரு சுற்று பெரிய சைக்கிளில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

52, 54 என்ற எண்ணை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வொரு மாடலுக்கும் அளவுப் பட்டியல் இருக்கும், அதில் ரீச், ஸ்டாக் என்ற இரண்டைப் பாருங்கள். பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹேண்டல் பக்கத்து ஃபிரேம் குழாயின் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். என் சைக்கிளின் ரீச் 388 மில்லிமீட்டர். நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிய பிறகுதான் எனக்கு 375 போதும் என்று தெரிந்தது. 13 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மூன்று மணி நேரம் குனிந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது கியர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வாங்கப் போகிறவர்கள் பலரும் முன்னால் இருக்கும் பல்சக்கரங்களின் 50, 34 என்ற எண்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்குப் பின்னால் வந்தது 11-28 கேசட், அதாவது 11 முதல் 28 பல் வரை உள்ள பல்சக்கரக் கட்டு. முன்பல் 34, பின்பல் 28 என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 2.6 மீட்டர் நகரும். சமதரையில் இது ஒன்றுமே இல்லை. அணைக்கட்டுக்கு மேல் ரோடு வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் என் முட்டி அழுதது. பின்பல் 34 என்றால் அதே ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். மெதுவாகத்தான் போகும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

சரி, கேசட்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று போனேன். முடியாது என்றார்கள். பின்னால் செயினைப் பல் மாற்றும் டெரெய்லரில், செயினைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கை இருக்கிறதே, அது என்னுடையதில் குட்டை. 34 பல்லுக்கு நீளமான கை வேண்டும், செயினும் நீளமாக வேண்டும். மூன்றையும் சேர்த்து 330 வெள்ளி. அதே சோரா வரிசையில் நீளக் கையோடு வந்த சைக்கிள் நான் வாங்கிய அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றது. நிறம் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். (ஷிமானோவின் தொழிற்சாலை ஒன்று நம்ம ஜொகூர் பொந்தியானிலேயே இருக்கிறது. அதற்காக விலையில் ஒரு காசு குறையவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.)

சோராவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 9 கியர் செயின் மலிவு, நான்கு செயின் மாற்றிவிட்டேன். கியர் மாற்றும் ஷிஃப்டர் இன்னும் முதல் நாள் மாதிரியே சொன்ன பேச்சைக் கேட்கிறது. 2025இல் ஷிமானோ ரோட் பைக்குக்கும் கியூஸ் வரிசையைக் கொண்டுவந்துவிட்டது, புதிதாக வாங்குகிறவர்கள் கிளாரிஸ், சோரா வரிசைகளுக்குப் பதில் அதைப் பார்க்கக்கூடும். பழைய சாமானோடு அதைக் கலந்து போட நினைக்காதீர்கள், ஒத்துப்போகாது.

டயரை 28க்கு மாற்ற 240 வெள்ளி. 25இல் காற்று 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது 75. என் எடை 72 கிலோ. ரோடு ஒட்டுப்போட்ட இடங்களில் பல் கிட்டிப்பதில்லை, மழை ஈரத்தில் வெள்ளைக் கோட்டின் மேல் போகும்போது நெஞ்சு திக்கென்று ஆவதில்லை. வேகம் குறைந்த மாதிரியும் தெரியவில்லை. வாங்கும்போது ஃபிரேமில் 28, முடிந்தால் 32 நுழையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

பிரேக் முதல் வருடம் முழுக்கப் பஞ்சுமூட்டையை அமுக்குகிற மாதிரி இருந்தது. கேபிளுக்குப் பதில் எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் மாற்றலாமா என்று விலை விசாரித்துவிட்டு மலைத்துப் போனேன். கடைசியில் ஒரு மோட்டார் மெக்கானிக் நண்பர்தான், கேபிளின் வெளிக்குழாய் அமுங்குகிறது என்று கண்டுபிடித்தார். அமுங்காத வகைக் குழாய் இருக்கிறது, உள் கேபிளோடு 120 வெள்ளி ஆனது. தெலுக் பாஹாங் பக்கம் திடீர் மழையில் இறங்கியபோது அந்த 120 வெள்ளிக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைசியாக, எந்த விமர்சனத்திலும் நான் படிக்காத ஒன்று: வியர்வை. நம் ஊர் வெயிலில் முகத்திலிருந்து சொட்டுவதெல்லாம் நேராக ஸ்டெம் மேலும் ஹேண்டல் மேலும்தான் விழுகிறது. கூடவே கடல்காற்று. இரண்டாம் வருட முடிவில் ஹேண்டல் துணி அழுக்காகிவிட்டதே என்று பிரித்தேன். பிரேக் பிடிக்குக் கீழே அலுமினியம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பொரிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பள்ளம். ஓட்டும்போது ஒடிந்திருந்தால் பல் போயிருக்கும், அதற்கு மேல் நினைக்க வேண்டாம். புது ஹேண்டல், துணி, துருப்பிடிக்காத போல்ட்டுகள் எல்லாம் 190 வெள்ளி. ஹேண்டல் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கும் இறுகிக் கிடந்தது, 60. இப்போது ஓட்டி முடித்ததும் ஒரு போத்தல் நல்ல தண்ணீரை மேலே ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணியைப் பிரித்துப் பார்க்கிறேன். மனைவி இதைப் பூசை என்கிறாள்.

இதே காசுக்குப் பழைய கார்பன் சைக்கிள் வாங்கலாமே என்று கேட்பார்கள். எனக்கும் ஆசை இருந்தது. கார்பனில் உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். விற்பவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அக்கா மகன் ரோட் பைக் வாங்கக் கிளம்பினான். கூட்டிக்கொண்டு போனேன். அவன் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான், நான் தரையில் குந்தி டெரெய்லர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீளம், பல் 34, டயர் 28, எல்லாம் சரி. ஆனால் இருந்தது 54. அவனுக்கும் என் உயரம்தான். இந்தத் தவுக்கேயும் 200 வெள்ளி கழிப்பதாகச் சொன்னார். 52 வர ஆறு வாரம் ஆகுமாம். பையன் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் அழும் பொம்மை அனுப்பிக்கொண்டிருக்கிறான்.