பழைய பி450 போர்டில் ரைசன் 9 5900எக்ஸ்: கடலூர் வெயிலில் ரெண்டர் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்

எலிவேஷன், இன்டீரியர், வாக்த்ரூ என்று த்ரீடி வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இன்னும் ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசஸரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். என்னிடமும் அதுதான் இருந்தது. போர்டு எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ், ராம் 32 ஜிபி. போர்டையும் ராமையும் தொடாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றி ரைசன் 9 5900எக்ஸ் போட்டேன். கொடுத்த காசுக்கு ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. ஆனால் எல்லோரும் ஆசைப்படுகிற ஓவர்கிளாக் (ப்ராசஸரைக் கட்டாயப்படுத்திக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது), ஏசி இல்லாத அறையில், நம் ஊர்ப் புழுக்கத்தில் வேண்டவே வேண்டாம். போர்டின் அடிப்படை செட்டிங் மென்பொருளான பயாஸில் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். நான் மாடலைப் படமாக்கப் பயன்படுத்தும் மென்பொருள் கொரோனா ரெண்டர். அது சிபியுவில், அதாவது ப்ராசஸரில் மட்டும்தான் ஓடும். வி-ரே என்ற இன்னொரு ரெண்டர் மென்பொருளில் சிபியு, கார்டு இரண்டு வழியும் உண்டு. ஆனால் காம்பவுண்டைச் சுற்றித் தென்னை, குரோட்டன்ஸ், புல்தரை என்று நிரப்பினால் சாதாரணக் கார்டின் மெமரி திணறிவிடும். அதனால் எனக்கு ப்ராசஸருக்குள் தனித்தனியாக உழைக்கும் கோர்களின் எண்ணிக்கைதான் முக்கியம். 3600இல் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). 5900எக்ஸில் 12 கோர், 24 த்ரெட். கோர் ஒவ்வொன்றும் முந்தைய தலைமுறையைவிட வேகம். ப்ராசஸர் வேகத்துக்கு மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் 3600 ஒன்பதாயிரத்துச் சொச்சம் எடுக்கும், இது 21,000ஐ ஒட்டி நிற்கும். என் வேலையிலும் அதே விகிதம்தான் தெரிகிறது. ரெண்டர் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. சாயங்காலம் இன்ஜினியர் போன் பண்ணி, "மேடம், பார்ட்டி முன்பக்கக் கலரை மாத்தணும்ங்கறாங்க" என்றால், முன்பு மறுநாள் காலைதான் படம் போகும். இப்போது அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது.

பழைய போர்டு வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் பாருங்கள். 5900எக்ஸ் சேர்ந்த 5000 வரிசை பி450 போர்டில் ஓடாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் எல்லோரும் கொதித்துப்போனதால் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே புதிய பயாஸை ஏற்றிவிட வேண்டும். பவர் டெலிவரி பகுதியில் ஹீட்சிங்க்கே இல்லாத விலை குறைந்த போர்டு என்றால் 12 கோரைப் போடாதீர்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு கடையில் வாங்கி அங்கேயே பொருத்தச் சொன்னேன். பொருத்திய தம்பியின் நிதானத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பி450 போர்டில் இருப்பது ஏஎம்4 என்ற சாக்கெட்; அதில் உட்காரும் ப்ராசஸருக்குப் பின்கள் அதன் அடியிலேயே இருக்கும், மொத்தம் 1331. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது லாக் போட்ட சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைந்துவிடும். இவர் முதலில் சிஸ்டத்தை ஆன் செய்து ஒரு ரெண்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பேஸ்ட் சூடாகி இளகட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஆஃப் செய்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகினார். லேசாக வழுக்குவது கைக்குத் தெரிந்த பிறகுதான் மேலே தூக்கினார். ப்ராசஸர் சாக்கெட்டிலேயே அசையாமல் இருந்தது.

பெட்டியில் கூலர் வராது. 3600உடன் வந்த சின்னக் கூலர் இதற்குப் பத்தாது. நான் டீப்கூல் ஏகே620 போட்டேன். இரட்டை டவர், இரண்டு ஃபேன், உயரம் 160 மில்லிமீட்டர். கேபினெட் கதவு மூடுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

இனி ஓவர்கிளாக். "அக்கா, எல்லாக் கோரையும் 4.5 கிகாஹெர்ட்ஸ்ல லாக் பண்ணிடவா?" என்றார் பொருத்திய தம்பி. "போட்டுக் காட்டுங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடியது. மார்க் கொஞ்சம் ஏறியது, சூடு நிறைய ஏறியது. இந்த ப்ராசஸருக்கு வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டுக்கொண்டே நின்றது. அதுவும் கடையின் ஏசிக் குளிரில். அக்னி நட்சத்திரத்தில் என் மாடி அறையில் என்ன ஆகும்? இன்னொரு நஷ்டமும் உண்டு. லாக் செய்யாவிட்டால் ஒற்றைக் கோர் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகப் போகும். ஸ்கெட்ச்அப்பில் மாடல் போடும்போது பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கிறது. எல்லாவற்றையும் 4.5இல் கட்டிவைத்தால் நாள் முழுக்க மவுஸ் பிடிக்கும் நேரம் மந்தமாகிவிடும். "எடுத்துடுங்க தம்பி" என்றேன்.

நான் செய்தது கர்வ் ஆப்டிமைசர். பயாஸில் பிபிஓ (ப்ராசஸரின் தானியங்கி வேகத்தை மாற்றியமைக்கும் ஏஎம்டி வசதி) அட்வான்ஸ்ட் பகுதிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் போகிற வோல்டேஜை அதில் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மொத்த மின்சார வரம்பு அதே 142 வாட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் குறைந்த வோல்டேஜில் ஓடுவதால் அந்த 142 வாட்டுக்குள்ளேயே கிளாக் வேகம் தானாக மேலே ஏறுகிறது. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் நல்ல கோர்களுக்கு மைனஸ் 10 படி, மற்றவற்றுக்கு மைனஸ் 20 படி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மைனஸ் 30 என்று வீடியோவில் சொல்வதைக் கேட்காதீர்கள்; சிப்புக்குச் சிப் மாறும். இதில் கோளாறு இருந்தால் ரெண்டர் ஓடும்போது தெரியாது. சும்மா இருக்கும்போது, பிரவுசர் திறக்கும்போது சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்கிளர் என்கிற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டு, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா எரர் (ஹார்டுவேர் கோளாறைக் காட்டும் பதிவு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்கு எடுங்கள். பிபிஓவைத் தொட்டு ப்ராசஸர் கெட்டால் வாரண்டி கேட்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கத்திரி வெயில் மதியத்தில் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடுக்கு மாற்றிவிடுகிறேன். வரம்பு 88 வாட்டுக்கு இறங்கும். வேகம் கொஞ்சம்தான் குறைகிறது. ஃபேன் சத்தமும் அறைச் சூடும் நன்றாகக் குறைகின்றன. பெரிய வாக்த்ரூவை ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. வேலை இல்லாதபோதே 50 டிகிரியை ஒட்டிக் காட்டும், சூடு மேலும் கீழுமாகக் குதிக்கும். அது இந்தச் சிப்பின் இயல்பு. 24 த்ரெட்டும் ஓடும் பெரிய சீனுக்கு 32 ஜிபி ராம் இடிக்கிறது, அடுத்து 64க்குப் போக வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனித் தொல்லை. தூசியும் ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் கெட்டியாகப் படியும், ப்ளோயர் வைத்து அடிக்கடி ஊதுங்கள். யுபிஎஸ் 600 விஏ என்றால் அதன் வாட் எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் 360தான் இருக்கும்.

புதிதாக முழு சிஸ்டம் போடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5க்குப் போய்விடுங்கள். கையில் நல்ல ஏஎம்4 போர்டு இருப்பவர்களுக்குத்தான் இது. 2024இல் வந்த 5900எக்ஸ்டி வேறு சிப், அதில் 16 கோர். விலை ஒட்டி வந்தால் அதையே எடுங்கள். எதை எடுத்தாலும் சீல் வைத்த பெட்டியாக, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். அதற்குத்தான் ஏஎம்டியின் 3 வருட வாரண்டி. பெட்டி இல்லாமல் விற்கும் ட்ரே சிப்புக்கு அது கிடையாது.