பிளவுஸ் பேட்டர்ன் விற்க ஒரு சின்ன சேல்ஸ் ஃபனல்: சில வருடம் ஓட்டிய பிறகு

தையல் பற்றி எழுதுகிற, சொல்லித்தருகிற யாரைப் பார்த்தாலும் ஒரே புலம்பல்தான். படிக்கிறார்கள், "சூப்பர் அக்கா" என்கிறார்கள், காசு கொடுத்து வாங்கச் சொன்னால் ஆளைக் காணோம். எனக்கும் பெரிய கூட்டமெல்லாம் கிடையாது, ஆனால் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மாதா மாதம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணம் மூன்று படி கொண்ட ஒரு சாதாரண ஏற்பாடு. சும்மா பார்க்க வருகிறவரைப் படிப்படியாக வாங்குகிறவராக்கும் இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான் சேல்ஸ் ஃபனல் என்கிறார்கள். ஒரு பக்க இலவசத் தாள், அதற்கு அடுத்து 149 ரூபாய் பேட்டர்ன் (துணி மேல் வைத்து வெட்ட அளவாக வரைந்த பேப்பர்), அதற்கும் மேல் 1,800 ரூபாய் வகுப்பு. இதைச் சில வருடம் ஓட்டியதில் எது உழைத்தது, எது சும்மா என்பதைச் சொல்கிறேன்.

முதலில் இலவசத் தாள். எல்லோரும் செய்வது "முழுமையான தையல் வழிகாட்டி" என்று அறுபது எழுபது பக்கத்துக்கு ஒன்றைத் தயார் செய்து கொடுப்பது. இலவசம் என்றால் ஊரே வாங்கிக்கொள்ளும், மெஷினே இல்லாதவர்கள்கூட இறக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் அதைத் திறக்கவே மாட்டார்கள். என்னுடைய தாள் ஒரே பக்கம், ஒரே விஷயம்: பிளவுஸ் தோள்பட்டையில் ஏன் நழுவுகிறது. பின் கழுத்தை ஆழமாக இறக்கினால் கழுத்து அகலத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் தோள் நிற்காது, நாடா வைத்து இழுத்துக் கட்டத்தான் வேண்டியிருக்கும். இதைப் படத்தோடு, அளவோடு போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இதைக் கேட்டு வருகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் மெஷின் இருக்கிறது, துணி வெட்டித் தைத்தாயிற்று, போட்டுப் பார்த்தால் நழுவுகிறது. அவருக்குத் தேவை ஏற்கெனவே வந்துவிட்டது, நான் உண்டாக்க வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

தாள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வழியாகத்தான் போகிறது. 2018-இல் வந்த இந்த இலவசச் செயலியில் எனக்கு நிஜமாகவே உதவுவது லேபிள்கள். "தாள் போச்சு", "போட்டோ வந்தது", "பேட்டர்ன்", "வகுப்பு" என்று நாலு லேபிள், யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சாய்கோடு போட்டால் வரும் ரெடிமேட் பதில்களும் நல்ல வசதி, அளவு எடுக்கும் முறையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டச்சு செய்ய யாரால் முடியும்? விற்கிற பொருட்களை விலையோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாக் இருக்கிறது, வைத்திருக்கிறேன், ஆனால் அதைத் திறந்து பார்த்து வாங்கினேன் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் என்பதும், நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும் என்பதும் பலருக்குக் குறையாகத் தெரியும். எனக்கு இரண்டாவது விஷயம் லாபம். தாளின் அடியிலேயே "அடுத்த குறிப்பு கைக்குழிச் சுருக்கம் பற்றி, என் எண்ணைச் சேமித்து வைத்தால்தான் வரும்" என்று எழுதியிருக்கிறேன். சேமிக்கிற சிரமம் எடுத்தவர் யாரோ, அவர்தான் பின்னால் பேட்டர்னும் கேட்கிறார். மற்றவர்களைத் துரத்திச் செய்தி அனுப்புவதில் பிரயோஜனமில்லை, நாலு பேர் பிளாக் செய்வதுதான் மிச்சம்.

இனி நடுப்பகுதி, விற்பனை நடக்கிற இடமே இதுதான். தாள் அனுப்பிய மறுநாள் விலை, தள்ளுபடி, "இன்றே கடைசி" எதுவும் அனுப்ப மாட்டேன். ஒரே கேள்வி: தைத்ததில் எங்கே இடிக்கிறது, ஒரு போட்டோ அனுப்ப முடியுமா? உடுத்திக்கொண்டு எடுத்த படம் வேண்டாம், தரையில் விரித்து வைத்து எடுத்தால் போதும் என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் கூச்சத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பதில் இப்படி வரும்: "அக்கா, கை தூக்கினா பிளவுஸே மேல ஏறுது." படத்தைப் பார்த்தால் கைக்குழி, அதாவது கையை இணைக்கிற வளைவு, ரொம்பக் கீழே இறங்கியிருக்கும். "கைக்குழியை இறக்கி வெட்டிட்டீங்கம்மா, வெட்டுனதை ஏத்த முடியாது, அடுத்த துணியில அரை இன்ச் மேலே நிறுத்துங்க" என்று சொன்ன பிறகு, "அதுக்கு அளவா வெட்டுன பேப்பர் இருக்கா அக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். எல்லோரும் கேட்க மாட்டார்கள், பெரும்பாலானோர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் சரிதான். ஆனால் கேட்கிறவரிடம் விலை சொல்லும்போது பேரம் வருவதே இல்லை.

149 ரூபாய்ப் பேட்டர்னில் பெரிய லாபம் கிடையாது. அதன் வேலை வேறு: முன்பின் தெரியாத எனக்கு ஒருவர் முதல் தடவை காசு அனுப்பி, சொன்னது ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்கிறார். நேராக 1,800 கேட்டால் "வீட்ல கேட்டுட்டு சொல்றேன் அக்கா" என்ற பதில்தான் வரும். சின்னத் தொகைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் படியில் பெரிய தொல்லை ஜெராக்ஸ் கடை. பி.டி.எஃப். அனுப்பினால் வாங்கினவர் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுப்பார், கடைக்காரர் வழக்கம்போலத் தாளுக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கி அடித்துக் கொடுப்பார். நான்கு சதவீதம் சுருங்கினாலே 36 அங்குல மார்பளவு முப்பத்து நாலரைக்கு வந்துவிடும், ஊக்கு மாட்டாது, திட்டு எனக்கு. இப்போது முதல் பக்கத்தில் ஒரு அங்குலச் சதுரம் ஒன்று இருக்கிறது, டேப் வைத்து அளந்து சரியாக இருந்தால்தான் துணியில் கை வைக்கச் சொல்கிறேன். கூடவே கடைக்காரரிடம் போட்டுக் காட்ட ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, நூறு பர்சென்ட்லயே எடுங்க, ஃபிட் டு பேஜ் வேண்டாம்." இது வந்த பிறகு புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது. பேட்டர்ன் சரியாக உட்காராதவர் வகுப்புக்கு வரவே மாட்டார், அதனால் ஃபனலில் நான் அதிக மண்டையை உடைத்துக்கொண்டது எந்த மென்பொருளுக்காகவும் இல்லை, இந்த ஒரு அங்குலச் சதுரத்துக்காகத்தான்.

பணம் வாங்க யு.பி.ஐ. கியூ.ஆர். போதும். 2020 ஜனவரியிலிருந்து யு.பி.ஐ.க்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் இந்த மாதிரிச் சின்ன விலைப் பொருளுக்கு அது பெரிய விஷயம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள், போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. வங்கிக் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் லேபிளையே மாற்றுவேன்.

மின்னஞ்சலையும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் வருகிற பெண்களில் பெரும்பாலானோருக்கு மெயில் என்பது போன் வாங்கும்போது கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த ஒன்று, கடவுச்சொல்கூட ஞாபகம் இருக்காது. மெயில் பார்ப்பவர்களுக்கும் அது ஜிமெயிலில் புரொமோஷன்ஸ் பக்கம் போய் ஒதுங்கிவிடுகிறது. எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் கணக்கையும் முழுசாக நம்ப முடியாது, 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு திறக்காததும் திறந்ததாகப் பதிவாகலாம். நீங்கள் ஐ.டி. ஆட்களுக்கோ கணக்காளர்களுக்கோ விற்கிறீர்கள் என்றால் மெயில் நன்றாகவே வேலை செய்யும், என் சரக்குக்கு ஒத்துவரவில்லை.

வகுப்பு எப்போது நிரம்பும் என்பதற்கும் முகூர்த்தக் காலண்டருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தைக்கிறவர்கள் கையில் நேரம் இருக்கும், அதிலும் ஆடித் தள்ளுபடியில் துணி வேறு வாங்கி வைத்திருப்பார்கள். அப்போது அறிவித்தால் சேர்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் வகுப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது, ஆனால் டெய்லர்கள் "இனிமே ஆர்டர் எடுக்கலை" என்று கைவிரித்த பிறகு தாங்களே தைத்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்களுக்கு பேட்டர்ன் நன்றாகப் போகும். மாதா மாதம் ஒரே செய்தியைச் சுற்றில் விடும் தானியங்கி ஏற்பாட்டுக்கு இதெல்லாம் புரியாது.

அந்தத் தானியங்கிச் சமாச்சாரத்துக்கு மாறச் சொல்லி அடிக்கடி அழைப்பு வருகிறது. வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைத்துத் தானாகச் செய்தி அனுப்ப வைக்கும் ஏ.பி.ஐ.யில், நாமாக முதலில் அனுப்பும் செய்திக்கு டெம்ப்ளேட் (முன்கூட்டியே எழுதி வைத்த செய்தி மாதிரி) ஒப்புதல் வேண்டும், 2025 ஜூலையிலிருந்து டெம்ப்ளேட் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு, இடையில் இருக்கிற நிறுவனத்துக்கு மாதச் சந்தா தனி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் விசாரணை வருகிறவர்களுக்கு அது தேவைப்படும். எனக்கு மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாப் போட்டோவுக்கும் பதில் சொல்லி முடிந்துவிடுகிறது, அது முடியாமல் போகிற அன்றைக்கு இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பேனே தவிர தானாகப் பதில் சொல்லும் பாட் போடுகிற உத்தேசம் இல்லை.