குளோபல் ஃபிஷிங் வாட்ச்: தடை எல்லையில் கணக்குப் பார்க்க உதவுமா?

கடலில் ஒரு பகுதியில் மீன்பிடியைத் தடுத்தால் தொழிலுக்கு லாபமா நட்டமா? இந்தச் சண்டையில் முதலில் தெரிய வேண்டியது, படகுகள் எங்கே போயின என்பது. குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்ற இலவச இணைய வரைபடம் அதை நன்றாகவே காட்டுகிறது. காசுக் கணக்குத்தான் இதில் வராது.

கப்பல் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்க வைத்திருக்கும் ஏ.ஐ.எஸ். கருவி அனுப்பும் இடம், வேகம், திரும்பும் விதம் ஆகியவற்றைக் கொண்டு மீன்பிடித்த நேரத்தை மணிக்கணக்கில் மதிப்பிடுகிறது. 2012 முதல் தரவு உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் அடுக்கை இயக்கி, வேண்டிய பகுதியைச் சொடுக்கினால் அறிக்கை வரும். சுற்றிலும் சில கடல் மைல் வளையம் சேர்த்துக்கொள்ளுங்கள். தடைக்குள் மீன்பிடி மணிநேரங்கள் குறைந்ததை யாரும் காட்டிவிடலாம். எல்லையை ஒட்டி அவை குவிகின்றனவா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒப்பிடும்போது அதே பருவ மாதங்களையே எடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது அடிப்படை ஆண்டில். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் ஃபீனிக்ஸ் தீவுகள் பகுதி 2015 ஜனவரி 1 அன்று வணிக மீன்பிடிக்கு மூடப்பட்டது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் படகுகள் முந்திக்கொண்டு பாய்ந்ததில், அங்கே மீன்பிடி இரு மடங்குக்கும் மேல் ஏறியது. இந்தச் சேவையின் தரவே அதைக் காட்டியது. அந்த அவசர மாதங்களை 'வழக்கமான காலம்' என்று வைத்தால் இழப்பு ஊதிப்போகும். இன்னொரு கோளாறு: ஏ.ஐ.எஸ். பொருத்திய படகுகள் ஆண்டுதோறும் கூடுவதால், மணிகள் ஏறியதெல்லாம் மீன்பிடி ஏறியதாகாது. இரு காலத்திலும் இருக்கும் படகுகளை மட்டும் வடிகட்டுங்கள், அல்லது தடையில்லாத தொலைவுப் பகுதி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு பொதுத் தடமறிதலில் சிக்குவதில்லை என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. வரைபடத்தின் செயற்கைக்கோள் ரேடார் அடுக்கு அவற்றில் பலவற்றைப் புள்ளியாகக் காட்டும். என்ன வலை, யார் படகு என்று சொல்லாது. கரையோரச் சிறு படகுகளுக்கு இந்த வரைபடம் அநேகமாக வீண்.

வருமானம் பேச மீன்பாட்டுக் கணக்கு தனியே வேண்டும். ஹவாயின் பாப்பஹானவுமோகுவாகியா கடல் பாதுகாப்புப் பகுதி 2016-இல் விரிவாக்கப்பட்ட பின், எல்லைக்கு அருகே ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள்) மஞ்சள் துடுப்புச் சூரையின் பிடிவீதம், அதாவது அதே அளவு முயற்சிக்குக் கிடைக்கும் மீன், 54 சதவீதம் கூடியதாக 2022 ஆய்வு கணித்தது. படகில் ஏறிய கண்காணிப்பாளர்களின் பதிவேடு இருந்ததால் அது தெரிந்தது. மணிக்கணக்கில் அந்த மாற்றம் தெரிந்திருக்காது. டீசல் செலவும் இறங்குதளத்து விலையும் அப்படித்தான், வெளியிலிருந்து வர வேண்டும்.

இழுவை மடிக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சுருக்குமடிக்கு வேண்டாம்: கூட்டத்தைத் தேடி அலைவதிலேயே நேரம் போய்விடும், ஒரே வளைப்பில் படகு நிறைந்துவிடவும் கூடும்.